நீலக் கதவில் ஒரு தாள்

“அலமாரியைத் திறங்க சார். காலினோட பெட்டியை எடுத்து இந்த மேசை மேல வைங்க. கடைசிக் கதவு வரைக்கும் நான் விளையாடிப் பாக்கணும்.”

துப்பறியும் ராலிட்சாவின் உதவியாளன் பென்ச்சோ, கையிலிருந்த பானிட்சா என்ற சீஸ் பலகாரத்தை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தி, “போச்சு, இந்த மாசச் சம்பளமும் போச்சு” என்று முணுமுணுத்தான். சீஸ் துணுக்கு ஒன்று அவன் சட்டையில் விழுந்தது.

கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டதைத்தான் ராலிட்சா கேட்டிருந்தாள். வழக்கை ஒப்படைத்த அன்றே ஸ்டுடியோ முதலாளி ஸ்டோய்மென் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆட்களை விசாரிக்கலாம், மேசைகளைக் குடையலாம், வேண்டுமானால் அவருடைய காரைக்கூடச் சோதனை போடலாம். மூலையில் நிற்கும் இரும்பு அலமாரியை மட்டும் திறக்கச் சொல்லக் கூடாது. உள்ளே இருப்பவை ஸ்டுடியோவுக்குக் காசு தரும் கம்பெனியின் சொத்து. வெளியாள் விரல் பட்டால் ஒப்பந்தம் கிழிந்துவிடும்.

“நான் முன்னாடியே சொன்னேனேம்மா” என்றார் ஸ்டோய்மென்.

“சொன்னீங்க. அதனாலதான் கேக்கறேன். நீங்க கேக்கலாம்னு சொன்னதை எல்லாம் கேட்டு முடிச்சாச்சு. ஒண்ணும் கிடைக்கல.”

ப்ளோவ்திவ் நகரின் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. அங்கே உருவானதுதான் ‘உப்பங்கரை’ என்ற கேம். ஆள் வெளியேறிப்போன ஒரு கருங்கடல் ஊருக்குத் திரும்பி வரும் பெண், தான் பிறந்த வீட்டைத் தேடித் தெருத்தெருவாக நடப்பாள். சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது. அப்படியும் உலகம் முழுக்க அதை விளையாடி அழுதார்கள்.

காசு போட்டது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. முதலில், எங்கள் கன்சோலில் மட்டும்தான் இது ஓடும், வேறு எவன் பெட்டியிலும் ஓடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அப்புறம் டிஸ்க் வேண்டாம் என்றார்கள். அப்புறம் பெட்டியே வேண்டாம் என்றார்கள். கேமைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, மாதச் சந்தா கட்டுகிறவனுக்கு இணையத்தின் வழியே திறந்து காட்டினார்கள். இந்த மாதக் கடைசியோடு அதையும் மூடப்போகிறார்களாம். போதுமான பேர் பார்க்கவில்லையாம். மூடினால் ‘உப்பங்கரை’ உலகத்தில் எங்கும் இருக்காது. காசு கட்டி விளையாடியவன் வீட்டிலும் இருக்காது.

அந்த அறிவிப்பு வந்து சில நாளில், போன சனிக்கிழமை, முழு கேமும் இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. யாரோ வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

கம்பெனி கொதித்தது. அதன் வக்கீல் இன்று மத்தியான ரயிலில் வருகிறார். அவர் கையில் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். ஊழியன் எவனாவது ஒருவன் என்றால் அவன் மேல் மட்டும் வழக்கு. ஆயுள் முழுக்கக் கட்டினாலும் தீராத நஷ்டஈடு. பெயர் இல்லையென்றால் ஸ்டுடியோ மேலேயே வழக்கு. அடுத்த கேமுக்கான ஒப்பந்தமும் ரத்து.

பெயர் ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் ஜன்னலோரம் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தான். காலின். கேமின் நடை, அசைவு, திரும்பிப் பார்ப்பது எல்லாம் அவன் கைவேலை. விசாரணை தொடங்கியதிலிருந்து அவன் திரும்பத் திரும்பச் சொன்னது “நான் எடுக்கல” என்ற இரண்டு சொல் மட்டும்தான். அதையும் யாராவது நம்ப வேண்டும் என்ற ஆசை இல்லாமல் சொன்னான்.

“பூனை சாட்சி சொல்லிடுச்சு, இன்னும் எதுக்கு அலமாரி?” என்றார் ஸ்டோய்மென்.

அந்தப் பூனையைக் கண்டுபிடித்தது பென்ச்சோ. கேம் வெளிவருவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஆறு பேரிடம் ஆறு சோதனைப் பெட்டிகள் இருந்தன. எந்தப் பெட்டியிலிருந்து கசிந்தாலும் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அடையாளம் வைத்திருந்தார்கள். ரொட்டிக்கடைப் பூனை. ஒருவர் பெட்டியில் அது ஜன்னலில் படுத்திருக்கும், இன்னொருவருக்குப் பீப்பாய் மேல். காலின் பெட்டியில் கிணற்றுச் சுவரில். இணையத்தில் கிடந்த கேமில் பூனை கிணற்றுச் சுவரில் இருந்தது.

“பூனையைப் பிடிச்சவனே நான்தான் சார்” என்றான் பென்ச்சோ. “பஜார்ல கள்ள கேசட் வித்த காலத்துலயே என்கிட்ட இந்தப் பூனை வேலை எல்லாம் பலிக்காது. அப்ப எல்லாம் கேமை வாங்கினோம், பக்கத்து வீட்டுக்கு இரவல் குடுத்தோம், சண்டை வந்தா திருப்பிக் கேட்டோம். இப்ப என்னடான்னா ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறதுக்கு மாசாமாசம் காசு. ஜன்னலையும் அவனே சாத்திட்டுப் போயிடறான்.”

“அண்ணே, சாப்பிடுங்க” என்றாள் ராலிட்சா.

“சரி தலைவி.”

அவள் ஸ்டோய்மென் பக்கம் திரும்பினாள். “சார், வக்கீலுக்கு நான் ரெண்டு மாதிரி ரிப்போர்ட் எழுதலாம். அலமாரியைத் திறந்து பாத்தேன்னு எழுதலாம். இல்ல, முதலாளி சாவி குடுக்க மறுத்துட்டாருன்னு எழுதலாம். எது வேணும்?”

ஸ்டோய்மென் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். அவருடைய விரல்கள் மற்ற சாவிகளைத் தள்ளிவிட்டு, தேடாமலே அந்தச் சாவிக்குப் போயின. இரண்டு வருஷமாகத் திறக்காத அலமாரி என்று அவர் முதல் நாள் சொன்னது ராலிட்சாவுக்கு நினைவு வந்தது. பூட்டு முனகாமல் திறந்தது.

உள்ளே ஆறு கறுப்புப் பெட்டிகள். ஐந்தின் மேல் விரல் கனத்துக்குத் தூசி, காலினுடையதின் மேல் இல்லை.

பென்ச்சோ ராலிட்சாவைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினான்.

இணையத்தில் கிடந்த கேமைப் பென்ச்சோ ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் போட்டு வைத்திருந்தான். “இது எப்படி என் பாக்கெட்ல வந்துச்சுன்னு தெரியல சார், காத்துல வந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டே, மேசைக்கு வந்த காலினின் பெட்டியில் செருகினான். திரையில் கடல் விரிந்தது. சாம்பல் நிற அலை, உப்புப் பூத்த சுவர்கள், சரிந்து இறங்கும் தெரு.

“காலின், நீ நட” என்றாள் ராலிட்சா. “எனக்கு இந்தக் கருவியைப் பிடிக்கவே தெரியாது.”

காலின் கன்ட்ரோலரை வாங்கினான். அவன் விரல் பட்டதும் திரையில் இருந்த பெண் உயிர் வந்தவளாக நடக்கத் தொடங்கினாள். சரிவில் இறங்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினாள்.

தெருவின் ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை, நடுவில் ஒரு முகம், கீழே நாலு வரி. அஞ்சலித் தாள்கள். ப்ளோவ்திவில் எந்தத் தெருவில் நடந்தாலும் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் கண்ணில் படுகிற அதே தாள்கள். ஆள் போன அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருஷத்துக்கு ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று. மழை கரைத்ததும் புதிதாக ஒட்டுவார்கள்.

“சந்தாவுல வந்த கேம்ல இந்தத் தாள் எதுவும் இல்லையே?” என்றான் பென்ச்சோ.

“எடுக்கச் சொன்னாங்க” என்றான் காலின். “கம்பெனி ஆளுங்களுக்கு இது என்னன்னே புரியல. ஊரு பூரா எதுக்குத் தேடப்படும் குற்றவாளி போஸ்டர்னு கேட்டாங்க. விளக்கிச் சொன்னோம். அப்ப இன்னும் மோசம், எடுத்துடுங்கன்னாங்க. எடுத்தோம். அன்னைக்கே இந்த ஆறு பெட்டியையும் வாங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. தாள் இருக்கிற ஊரு இந்தப் பெட்டிங்கள்ல மட்டும்தான் இருக்கு.”

“கதவு எல்லாம் யாரு வரைஞ்சது?”

காலின் நடப்பதை நிறுத்தினான். திரையில் அந்தப் பெண்ணும் நின்றாள். காற்றில் அவள் பாவாடை மட்டும் ஆடியது.

“தெமெனுகா” என்றான். “கதவு, ஜன்னல், சுவத்துல உப்பு, பூனை, எல்லாம். இந்த ஊரே அவதான். வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி உடம்பு முடியாம வேலையை விட்டா. அப்புறம் வரல. போன வருஷம் இறந்துட்டா.”

“கேம் முடிஞ்சதும் பேர் ஓடுமே, அதுல நான் அந்தப் பேரைப் பாக்கலையே?”

“இருக்காது. வெளியீட்டு அன்னைக்கு வேலையில இருக்கறவங்க பேரு மட்டும்தான் போடணும். விதி. காபி மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவரு பேரு இருக்கு. அவ பேரு இல்ல.”

ஸ்டோய்மென் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “அது எல்லா ஸ்டுடியோவுலயும் இருக்கற வழக்கம்” என்றார்.

“வழக்கம்னா சரி சார்” என்றாள் ராலிட்சா. அவள் குரலில் சரி என்பது இல்லை.

காலின் மறுபடி நடந்தான். ரொட்டிக்கடை வந்தது, கிணறு வந்தது. கிணற்றுச் சுவரில் பூனை. பென்ச்சோ அதற்கு ஒரு சலாம் வைத்தான். தெரு குறுகி, படிக்கட்டாக மாறி, கடலை நோக்கி இறங்கியது. படிக்கட்டின் முடிவில் நீலக் கதவு போட்ட ஒரு வீடு. திரையிலிருந்த பெண் இத்தனை தூரம் தேடி வந்த வீடு.

கதவுக்குக் கொஞ்ச தூரத்திலேயே காலினின் விரல்கள் நின்றுவிட்டன. அவன் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்தான்.

“நீங்களே போங்க.”

“ஏன்?”

“என்னால முடியல.”

ராலிட்சா எடுத்தாள். அவள் கையில் அந்தப் பெண் குடித்தவள்போல் நடந்தாள். சுவரில் முட்டினாள். திரும்பிக் கடலைப் பார்த்தாள். மறுபடி சுவரில் முட்டினாள்.

“தலைவி, அது சுவரு. கதவு இந்தப் பக்கம்” என்றான் பென்ச்சோ. அவனும் சிரிக்கவில்லை.

நீலக் கதவிலும் ஒரு தாள் இருந்தது. தூரத்திலிருந்து படம் மட்டும் தெரிந்தது. சைக்கிள் மேல் ஒரு சின்னப் பெண். முன்பல் இரண்டும் இல்லை. அதைக் காட்டி வாயெல்லாம் சிரிப்பு.

“காலின், உன் பெட்டியில இந்தக் கதவுல தாள் இருந்துச்சா?”

“இல்ல. அது அவ பிறந்து வளர்ந்த வீட்டைப் பாத்து வரைஞ்ச வீடு. அந்தக் கதவுல மட்டும் எதையும் ஒட்ட விடமாட்டா. அங்க யாரும் சாகலைன்னு சொல்லுவா.”

“அப்ப கேமைக் காப்பி பண்ணினவன் இந்தத் தாளைப் புதுசா சேர்த்திருக்கான்.”

“ஆமா.”

“நீ இதை முன்னாடியே பாத்துட்ட.”

காலின் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

“இணையத்துல வந்த அன்னைக்கே இறக்கி, கதவு வரைக்கும் நடந்து போய்ப் பாத்திருக்க. பாத்துட்டு யாருன்னு புரிஞ்சுபோச்சு. அதான் மூணு நாளா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க.” அவள் கையை நீட்டினாள். “உன் போனைக் குடு.”

கொடுத்தான். திரையை எழுப்பியதும் ஒரு படம். கொண்டையில் பென்சில் செருகிய இளம்பெண் ஒருத்தி, கம்ப்யூட்டர் வெளிச்சத்தில், யாரோ கூப்பிட்டுப் பாதி திரும்பியபடி. கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை. உதட்டில் சிரிப்பு.

“அவகிட்ட சொன்னியா?”

“வேலை முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்” என்றான் காலின். “எங்களுக்கு எப்பவும் கேம் முடியட்டும்னுதான். கல்யாணம், பல்லு வலி, எல்லாமே. கேம் முடிஞ்சுது.”

பென்ச்சோ பானிட்சாவைக் காகிதத்தில் சுற்றி மெதுவாகப் பைக்குள் வைத்தான்.

“சார், இதைப் பாருங்க” என்றாள் ராலிட்சா. “காலின் அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தா இந்தப் படத்தைத்தான் போட்டிருப்பான். இவன்கிட்ட இருக்கிறது இந்தத் தெமெனுகாதான். பல்லு விழுந்து சைக்கிள் ஓட்டின தெமெனுகாவை இவன் பாத்ததே கிடையாது. அந்தப் படம் வேற ஒரு ஆளோட பர்ஸுல இருக்கிற படம்.”

ஸ்டோய்மென் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராலிட்சா அந்தப் பெண்ணைத் தாளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். எழுத்துகள் பெரிதாயின. வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான பேர் இந்தக் கதவைக் கடந்து போயிருப்பார்கள். அவர்களுக்கு இது சுவர் அலங்காரம். அவள் வாய்விட்டு வாசித்தாள்.

“ஒரு வருடம் ஆகிறது. தெமெனுகா ஸ்டோய்மெனோவா ராத்கோவா. உன் சைக்கிள் மணி இன்னும் படியில் கேட்கிறது. அப்பா.”

ஆபீஸில் எல்லோருக்கும் இரண்டு பெயர்தான். இந்த ஊரில் அது போக நடுப்பெயர் என்று ஒன்று உண்டு. அப்பாவின் பெயர் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் வரும், கல்யாணத்தில் வரும், அப்புறம் இந்தத் தாளில் வரும். மற்ற நாளில் அதை யாரும் கேட்பதில்லை.

“ஸ்டோய்மெனோட மக” என்றான் பென்ச்சோ மெல்ல. வழக்கமாக அதன் பின்னால் வருகிற நக்கல் வரவில்லை.

ஸ்டோய்மென் உட்கார்ந்தார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார்.

“அவ அம்மாவும் நானும் பிரிஞ்சப்ப அவளுக்கு ஏழு வயசு. அம்மா பேரோடதான் வளந்தா” என்றார். “இங்க வேலைக்கு வந்தப்ப, அப்பா தயவுல வந்தவன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. நானும் சத்தியம் பண்ணினேன். அவ படுத்துட்டப்ப பேர்ப் பட்டியல் என் மேசைக்கு வந்துச்சு. அவ ஒருத்திக்கு மட்டும் விதியைத் தளர்த்தினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்லணும். நான் கையெழுத்துப் போட்டேன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“ஆஸ்பத்திரியில லேப்டாப்பை வச்சுக் கடைசி வரைக்கும் பாத்தா. பேர் எல்லாம் ஓடி முடிஞ்சது. மறுபடி முதல்ல இருந்து ஓட்டினா. அப்புறம் மூடிட்டு, ‘காபி மெஷின்காரர் நல்ல மனுஷன்பா’ன்னா.” அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். “அவ்வளவுதான் சொன்னா.”

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் போகிற பீப் சத்தம் வந்தது.

“அவ தாளை நான் எந்தக் கதவுல ஒட்டறது?” என்றார் ஸ்டோய்மென். “அவ வீட்டுல அவ அம்மா ஒட்டினா. என் பேரு அதுல இல்ல. என் வீட்டுல ஒட்டினா பக்கத்து வீட்டுக்காரன் இது யாருன்னு கேப்பான். இந்த ஆபீஸ் கதவுல ஒட்டினா முப்பது பேரும் வாசிப்பாங்க. பெத்த மக பேரையே அடிச்சவன்னு தெரிஞ்சுபோகும். அவ வாழ்ந்த இடம்னு மிச்சம் இருந்தது இந்த ஊரு ஒண்ணுதான். அதையும் மாசக் கடைசியில மூடறோம்னு கம்பெனிக்காரன் லெட்டர் போட்டான். வருஷம் திரும்பற அன்னைக்கு ஒட்டினேன். ஒட்டி, வெளியில விட்டேன். இனிமே யாராலயும் மூட முடியாது.”

அந்த ஒரு நிமிஷம் ராலிட்சாவுக்கு அந்த மனிதர் மேல் கோபமே இல்லை. அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“ஏன் காலின் பெட்டியில?”

“கைக்கு முதல்ல வந்தது அதுதான். போட்டதும் ஓடுச்சு.”

“பூனை?”

அவர் தலை குனிந்தார். “மறந்துட்டேன். கேஸுன்னு வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

“ஞாபகம் வந்தப்புறம் மூணு நாள் இவனை இந்த நாற்காலியில உக்கார வச்சிருந்தீங்க.”

“நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்.” அவர் முகம் சிவந்தது. “சின்ன ஏஜென்சி. வயசும் சின்னது. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“அடப்பாவி” என்றான் பென்ச்சோ. “நான்கூட நம்ம விளம்பரத்தைப் பாத்துட்டுக் கூப்பிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“என் பேரை எழுதிடுங்க” என்றான் காலின் திடீரென்று. எல்லோரும் திரும்பினார்கள். “நிஜமாத்தான் சொல்றேன். முதலாளின்னு தெரிஞ்சா ஸ்டுடியோவை மூடிடுவாங்க. முப்பது பேரு. நான் தனி ஆளு. எனக்கு என்ன இருக்கு?”

“வாயை மூடு” என்றாள் ராலிட்சா. “சும்மா இருந்தே மூணு நாளைக் கெடுத்த. இப்ப தியாகம் வேற.”

“கொஞ்சம் பொறுங்க” என்று ஸ்டோய்மென் எழுந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. கணக்குத் தெரிந்த முதலாளியின் முகம் திரும்பி வந்திருந்தது. “காலின் வேண்டாம். நானும் வேண்டாம். யாருக்கும் சேதம் இல்லாம ஒரு வழி இருக்கு. அவ கையிலயும் ஒரு சோதனைப் பெட்டி இருந்துச்சு, பூனையை எங்க வேணாலும் வைக்கத் தெரிஞ்சவ அவ. சாகறதுக்கு முன்னாடி அவளே காப்பி எடுத்து வச்சிருந்தா, யாரோ சிநேகிதங்க இப்ப வெளியில விட்டுட்டாங்கன்னு எழுதலாம். செத்தவங்க மேல யாரும் வழக்குப் போட முடியாது. இவனும் பொழைப்பான். முப்பது குடும்பமும் பொழைக்கும். அவ பேரை எழுதிடுங்க.”

காலின் நாற்காலியை விட்டு எழுந்தான்.

பென்ச்சோ ராலிட்சாவையே பார்த்தான். அவள் அடுத்து கத்துவாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

“எங்கப்பா ஓடு பதிக்கிறவரு” என்றாள் அவள். “இந்தக் கிடங்கை ஆபீஸா மாத்தினப்ப, நீங்க நிக்கிற இந்தத் தரையைப் பதிச்சது அவருதான். முட்டி தேஞ்சுபோச்சு. திறப்பு விழா அன்னைக்குக் கல்லுல ஒரு பெரிய பட்டியல் வெட்டினாங்க. அதுல அவரு பேரு இல்ல. அவரு கேக்கவும் இல்ல. எங்க வீட்டுல மொத மொதல்ல படிச்சவ நான். நான்தான் கேட்டேன். ‘விடும்மா, திட்டறதுக்குக் கூப்பிடாம இருந்தாச் சரி’ன்னாரு.”

அவள் கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள்.

“உங்க மக ஒரு ஊரையே கட்டினா. கட்டினவங்க வரிசையில அவ பேரை அடிச்சீங்க. அப்ப இடம் இல்ல. இப்ப திருடினவங்க வரிசையில மட்டும் இடம் வந்துடுச்சா சார்? அவ பேரு உலகத்துல எழுத்துல இருக்கப்போறது ஒரே ஒரு தாள்ல, அதுவும் திருடின்னா?”

தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் ஸ்டோய்மெனின் காதில் விழுந்தது போலிருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. ஜன்னலோரத்தில் காலினும் அழுதுகொண்டிருந்தான். ஒரே பெண்ணுக்காக அழுத இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

திரையில் அந்தப் பெண் நீலக் கதவின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கடல் அடித்தது.

ராலிட்சா பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தாள். பெயருக்காக விட்டிருந்த இடத்தில் நின்றபடியே எழுதினாள். எழுத அதிக நேரம் ஆகவில்லை. மடித்து உள்ளே வைத்தாள். யாருக்கும் காட்டவில்லை. கேட்கும் தைரியமும் அங்கே யாருக்கும் இல்லை.

“அண்ணே, கோட்டை எடுங்க. ரயிலுக்கு நேரமாச்சு.”

“நாம ஸ்டேஷனுக்கா போறோம்? வக்கீல் இங்கதானே வர்றாரு?”

“இங்க வரவேண்டாம். இந்த ரெண்டு பேரையும் அவரு இப்படிப் பாக்கவேண்டாம்.”

வாசலருகே சுவர் நெடுக ஊழியர்களின் கோட்டுகள் கொக்கியில் தொங்கின. சிவப்பு, சாம்பல், பச்சை. ஒரு சின்னக் குழந்தையின் கையுறை ஒரு பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ராலிட்சா அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பார்க்காமல் நடந்திருக்கலாம். அது அவளுக்கு வரவில்லை.

“தலைவி” என்று பென்ச்சோ காதோரம் கிசுகிசுத்தான். “இவங்க எல்லாரும் நாளைக்கு...”

“தெரியும்.”

“அப்ப...”

“தெரியும்ணே. அதை நான் தூக்கிட்டுத்தான் நடக்கறேன். நீங்க வேற ஞாபகப்படுத்தாதீங்க.”

கதவருகே போனதும் பின்னாலிருந்து ஸ்டோய்மெனின் குரல் வந்தது. உடைந்து, மெலிந்து, யாரோ வயசானவருடைய குரலாக.

“அந்தத் தாளை... இந்தக் கதவுல ஒட்டட்டுமா? கீழ வாசக்கதவுல?”

ராலிட்சா திரும்பவில்லை.

“அவ உங்க மக சார். என்னைக் கேக்காதீங்க.”

படிகளில் இறங்கினாள். அப்பா பதித்த படிகள். எதுவும் ஆடவில்லை. முதல் வளைவில் பென்ச்சோ நின்று மேலே காது கொடுத்தான். அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது. காலின் ஏதோ சொன்னான். “நீலக் கதவு மாதிரியே வேணும், பெருசா” என்பது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிரிண்டர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“யாரு பேரு எழுதின தலைவி?” என்றான் பென்ச்சோ.

“ஒட்டினவரு பேரு” என்றாள் ராலிட்சா. “அதுக்கு மேல ஒரு வரி, ஊரைக் கட்டினவ பேரு. நடுப்பேரோட மூணு பேரையும் சேர்த்து, முழுசா.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் தெருவில் இறங்கி, ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தாள்.